மல்லிகா பாஸான ஓ.எல்.

1

சகலருக்கும் இத்தால் அறிவிப்பது யாதெனில்: நாட்டின் கல்வி வரலாற்றையே புரட்டிப்போடும் மகத்தான சாதனையொன்று எஹலியகொட பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நிகழ்ந்திருக்கிறது. ஒன்றரை வயதில் வயிற்றோட்டத்தில் இறந்துபோன ஒரு பிள்ளை, பின்னாளில் ஓ.எல். எனப்படும் சாதாரண தரப் பரீட்சை எழுதி ஆறு பாடத்தில் சித்தியடைந்துள்ளது.

இது என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு புதன்கிழமை போட்டோக்கொப்பிக் கடையில் கரண்ட் போய்விட்டது. எனக்கு முன்னால் நின்ற விஜயகலா சொன்னாள்.

2

முதல் தொடக்கம்: "மலைகளின் மடியில் பனி விலகிய ஒரு காலையில் விஜயகலா தன் கனவுகளைச் சுமந்தபடி..."

(அடித்துவிட்டேன். அன்று மழை. சுமந்தது ஒரு பிளாஸ்டிக் ஃபைல். காலில் அட்டைக்கடி.)

மறுபடி. விஜயகலாவுக்கு முப்பத்தைந்து வயது, ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறாள். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போனதும் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது. மாதச் சம்பளம், தலைக்கு மேலே கூரை. வெள்ளிக்கிழமைக்குள் ஓ.எல். சர்டிபிகேட் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெறுபேற்றுத் தாளைக் கறையான் தின்று பத்து வருஷம். ஆகவே திங்கட்கிழமை சர்டிபிகேட் எடுக்கக் கொழும்புக்கு, பரீட்சைத் திணைக்களத்துக்குப் போனாள்.

3

யன்னலுக்குள் இருந்த கிளார்க் நல்ல மனிதர். (கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.) பேச்சு சிங்களத்தில் நடந்தது, விஜயகலாவின் சிங்களம் அவருடையதைவிடச் சுத்தம். (நங்கி என்றால் தங்கச்சி.)

"நங்கி, பரீட்சை எழுதினது மல்லிகா. உங்க ஐடென்டிட்டியில விஜயகலா. மல்லிகா யாரு?"

"அக்கா, சேர்."

"அப்ப அக்காவ வரச் சொல்லுங்க."

"அவ செத்துட்டா."

"அடடா. எப்ப?"

"நான் பொறக்க முந்தி."

கிளார்க் பேனாவை மூடி வைத்தார்.

"மரணச் சான்றிதழ் இருக்கா?"

"பதியல சேர்."

"பதிஞ்சிருந்தா செத்தவ எப்படிப் பரீட்சை எழுதினான்னு கேப்பாங்க. பதியாட்டி அவ உயிரோட இருக்கா, நேர்ல வரணும்."

4

இரவு ரொட்டி சுட்டுக்கொண்டே அப்பா கந்தையாவைப் பிடித்தாள்.

"என்னாப்பா செஞ்சு வச்சிருக்கீங்க?"

"ஒன்னைய ஸ்கூல்ல சேக்கப் போனா பொறப்பு சர்டிபிகேட் கேட்டாங்க. ஒனக்கு எழுதல. மல்லிகாவோடது பெட்டியில சும்மாதான கெடந்துச்சு? குடுத்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு என் பேருல வேற பொறப்பு எழுதுனீங்க?"

"ஒங் கல்யாணத்துக்கு முந்தி பொறப்பு பதியுற நடமாடும் சேவை தோட்டத்துக்கு வந்துச்சில்ல, அதுலதான். சொந்தப் பேருல கட்டிக்குடுக்கணும்னு ஒரு ஆச."

"அக்கா செத்தத?"

"உசுரோட இருந்த ஒனக்கே எழுதல. செத்த புள்ளைக்கா எழுதப்போறேன்?"

அடுப்பைக் கிளறிவிட்டுக் கிழவர் சொன்னார்: "டீச்சர் இடாப்பு பாத்து மல்லிகான்னு கூப்புடுவாங்க, நீ எந்திரிப்ப. எனக்கு ரெண்டு புள்ளையும் ஸ்கூலுக்குப் போற மாதிரி இருந்துச்சு."

(இந்த இடத்தில் விஜயகலா அழுவதாக ஒரு பந்தி எழுதி, எடுத்துவிட்டேன். ரொட்டி கருகியது என்றுதான் அவள் சொன்னாள்.)

5

முடிவுகள் கைவசம் மூன்று உண்டு.

இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி வாங்கலாம். "ஒரே ஆளுக்கு ரெண்டு பொறந்த நாளா தங்கச்சி?" என்று அவர் கேட்காதிருந்தால்.

மல்லிகாவின் சாவை இப்போது பதியலாம். செத்த பிள்ளையின் கடதாசியில் இன்னொரு பிள்ளையைச் சேர்த்தேன் என்று எழுபத்துமூன்று வயதுக் கந்தையா கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பொலிஸ் வருமா, வராதா என்பது...

அல்லது விஜயகலா மல்லிகாவாகிவிடலாம். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் விஜயகலாவை எந்த இடத்தில் புதைப்பது என்று மட்டும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வாசகரே, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற அமர யோசியுங்கள். இலக்கியத்துக்கு என்ன அவசரம்?

வெள்ளிக்கிழமை அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.