கிராணி ஐயா வரிசையில் நின்ற காலை

ஞாயிறு ஆராதனைக்கு நாலே பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி விசுவலிங்கத்தின் மனைவி யோகாம்பாள். வராவிட்டால் வீட்டில் ரகளை நடக்கும் என்று வந்தவள். விசுவலிங்கத்துக்கு எரிச்சல் தாங்கவில்லை. அசாம் ஜாவா பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. பாதிரியார் மாதம் ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பார் என்பதால் சபையை நடத்துகிறவரும் அவரே. கர்த்தர் சீஷர்களின் கால்களைக் கழுவியதைப் பற்றி மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்த பிரசங்கம். கேட்டதென்னவோ பெஞ்சுகள்தான்.

வாசலில் தாயம்மாவைப் பிடித்துக்கொண்டார். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள், கோவில் மணி அடிப்பதும் அவள்தான்.

"சனம் ஏன் வருகுதில்லை? நான் என்ன குறை வைச்சனான்?"

தாயம்மா சுற்றி வளைக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க ஐயா. காலையில கேட்ல எங்கள நிறுத்தி, சேலைய ஒதறச் சொல்லி, கொண்டைய அவுத்துப் பாக்குறாங்க. நீங்க சைக்கிள்ல போறப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை வந்து கால் கழுவுறதப் பத்திப் பேசுறீங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்கள் கூசிப்போகக் கூடாதே என்று மரியாதைக்காகத் திருப்பிய முகம் அது. அதைப் போய் அருவருப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு வருஷமாக.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று சர்க்கார் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. அப்படிப் பிடிபட்டுத்தான் தாயம்மாவின் புருஷன் செல்லன் மூன்று வாரமாகக் கோலா சிலாங்கூர் லாக்கப்பில் கிடந்தான். புதன்கிழமை விசாரணை. நல்லவன் என்று கிராணி ஒரு கடிதம் கொடுத்தால் விட்டாலும் விடுவார்கள், இல்லையென்றால் சிறை. காட்டுக்குச் சோறு கடத்தியவனுக்குச் சபை பரிந்து பேசாது என்று இவர் மறுத்திருந்தார்.

"அந்தக் கடுதாசியாச்சும்..." என்று தாயம்மா இழுத்தாள்.

"அது வேற கதை" என்று வெட்டிவிட்டார்.

ஆனால் திங்கட்கிழமை காலை சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். தாழ்மை என்றால் என்னவென்று காட்டிவிடுகிறேன் பார் என்கிற வீம்பு. எல்லோரும் ஒதுங்கி அவரை முன்னால் விட்டார்கள். அதிலும் அவருக்குக் கோபம்தான். இவ்வளவு இறங்கி வந்தும் ஒரு முகம் மலரக் காணோமே.

காவலுக்கு நின்ற சன்னாசி பதறிப்போனான். "நீங்க எதுக்குலா ஐயா? போங்க."

"எல்லாரையும் சோதிக்கிற மாதிரி என்னையும் சோதியும்."

"வேணாங்கய்யா."

"சோதியும் எண்டு சொல்லுறன்."

வேறு வழியில்லாமல் அவன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். பிறகு சைக்கிளில் தொங்கிய பைக்குள் கைவிட்டான். தூக்குச் சட்டி ஒன்று வந்தது. மூடியை எடுத்தான். ஆவி பறக்கும் பிட்டு, மேலே சம்பல்.

யோகாம்பாள் தினமும் கட்டிக்கொடுப்பதுதான். வேலிக்கு வெளியே இருக்கும் ஆபீசில் வைத்துத் தினமும் சாப்பிடுவதுதான். சட்டம் சொல்லும் சாப்பாட்டில் அதுவும் சேர்த்தி என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

வெறும் வயிற்றோடு மரம் வெட்டப் போகிற அத்தனை பேரும் சட்டியைப் பார்த்தார்கள். சன்னாசி அவசரமாக மூடினான். "நான் ஒண்ணும் பாக்கலங்கய்யா."

என்னையும் பிடி என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அது அவருக்கே கேவலமாகப் பட்டது.

தாயம்மா முன்னால் வந்தாள். "விட்டுடு தம்பி. தெரியாமக் கொண்டாந்திருப்பாரு. நல்ல மனுசன். நான் சொல்றேன்."

விசுவலிங்கம் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவளிடம் கேட்டார்.

"செல்லன் என்ன கொண்டு போனவன்?"

"சோறுங்க ஐயா. அரைச் செரட்டை."

"ஆருக்கு?"

"அவரு சாப்பிடத்தான். மத்தியானத்துக்கு."