மிலிட்டரிக்காரரின் பனிச் செயின்

வலது சக்கரத்துக்குச் செயின் மாட்டியாயிற்று. இடது சக்கரத்துக்கு மாட்டுவதற்காக எழிலன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினான். அந்த 'உஸ்' சத்தம் வாசலிலிருந்து கூடத்துக்குள் வந்ததும், புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த லோகநாயகி அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.

"சின்னையா, எம் புள்ள அங்க என்னடா பண்றான்?"

அவள் தம்பி சின்னையன் குனிந்து காதருகே சொன்னான். "மாமாவோட செயின மாட்டுறான்க்கா. டிராக்டர்லயே மாமாவக் கொண்டுபோயிடலாம்னு பேசிட்டம்."

"வேணாம். தோள்ல தூக்கிக்கிட்டுப் போங்க."

"என்னக்கா நீ! ஊரு பூரா செயினு செயினுன்னு சொல்லித் திரிஞ்ச மனுசன். அதுலயே ஜம்முனு போவட்டும்."

காரணம் சொன்னால் செத்தவரின் மானம் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு மணி நேரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியில் வாய்க்கால் வளைவில், ஊர் முன்னாலேயே போய்விடும்.

ராமாமிர்தம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்று வரும்போது மற்றவர்கள் கம்பளியும் ரம்மும் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது, பனியில் டயர் வழுக்காமலிருக்கச் சக்கரத்தைச் சுற்றிப் பூட்டுகிற செயின், ஒரு ஜோடி. பட்டாளத்தில் கழித்துப்போட்டது. சிதம்பரம் ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கிய போர்ட்டர், "உள்ள ஆளு எத்தினி பேரு சார்?" என்று கேட்டாராம்.

அவர் சொன்ன பனிக்கு இமயமலையே போதாது. "ஊத்துற டீ கிளாசுக்கு வந்து சேர்றதுக்குள்ள குச்சியா வெறச்சிடும். ஒடிச்சி ஒடிச்சித்தான் தின்னுவம்" என்பார். "பனிக்கு மேல வண்டிய வுட்டுக்கிட்டுப் போறப்ப எட்டிப் பாத்தா, அடியில தென்னமரத்து உச்சி தெரியும்." இமயமலையில் ஏது தென்னை என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் கதை நின்றுவிடுமே.

பிறகு சின்ன டிராக்டர் ஒன்று வாங்கினார். சிதம்பரத்தில் வெல்டிங் பட்டறைக்காரனைப் பிடித்துக் கூடுதலாகக் கண்ணிகள் சேர்த்து, அந்தச் செயினை டிராக்டர் டயருக்குப் பொருத்தினார். "இனிமே கார்த்திகை மழை என்ன கிழிச்சிடும்?" என்றார்.

முதல் மழையிலேயே கிழித்தது. பனி வேறு, இந்த ஊர்க் களிமண் வேறு. நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் கண்ணிக்குக் கண்ணி களி அடைத்து, சக்கரம் மொழுமொழுவென்று கொழுக்கட்டையாகிவிட்டது. வாய்க்கால் வளைவில் வண்டி புதைந்தபோது பார்த்தது லோகநாயகி மட்டும்தான். இரண்டு நாள் அவர் சோறு தின்னவில்லை. டீ உறைந்த கதைகூடச் சொல்லவில்லை.

அடுத்த முறை அவர் வண்டியை எடுப்பதற்கு முன்பே, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். வளைவில் தென்னை மட்டையைப் பரப்பி, மேலே வைக்கோலைப் போட்டு மிதித்து, சேற்றை இழுத்து மூடினாள். வண்டி ஏறிப் போயிற்று. "பாத்தியாடி!" என்று மீசையை முறுக்கினார். "பாத்தன்" என்றாள். எட்டு மழைக்காலம் இப்படியே நடந்தது. அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இப்போது ஒன்பது நாளாக மழை. தவளைகளே கூரைக்கு ஏறி ஈரமில்லாத இடம் தேடின. விடியற்காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தவர், "மழ கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார். வாழ்நாளில் அவர் ஒன்றைக் குறைத்துச் சொன்னது அப்போதுதான். அவள் வெந்நீரோடு வந்தபோது தலை சாய்ந்திருந்தது.

"சின்னையா" என்று மறுபடியும் கூப்பிட்டாள். "வாய்க்கா வளைவுல கொஞ்சம் வைக்கல் போடச் சொல்லுடா."

"வைக்கலா? போரே நனைஞ்சி அழுவிப்போச்சே. செயினு இருக்கையில அது எதுக்குக்கா?"

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "எதையோ ஒளறுது பாவம். தண்ணி குடு."

டிராக்டருக்குப் பின்னால் கோத்திருந்த பெட்டியில் பச்சை மூங்கில் பாடையை ஏற்றினார்கள். எழிலன் ஓட்டினான். தார் ரோட்டில் செயின் கலகலவென்று சத்தம் போட்டது. கல்யாண வண்டி போல. பெண்கள் தெருமுனை வரைதான் போகலாம். அங்கிருந்து திரும்பினார்கள்.

வீடு கழுவினார்கள். லோகநாயகியின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரப் புடவையோடு கொல்லைப்படியில் உட்கார்ந்து காதை வயல் பக்கம் வைத்துக்கொண்டாள். இஞ்சின் சத்தம் மதகைத் தாண்டியது. புளியமரத்தைத் தாண்டியது. பிறகு ஒரே இடத்தில் நின்று உறுமியது. உறுமி உறுமி, அணைந்துவிட்டது.

அதற்கப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான்.

"உள்ள வா லோகா, சளி புடிச்சிக்கும்" என்றாள் புஷ்பவள்ளி. அவள் நகரவில்லை. இந்நேரம் ஒருத்தன் சிரித்திருப்பான். ஒருத்தன் சிரித்தால் போதும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆண்கள் திரும்பினார்கள். வாய்க்காலில் வெள்ளம் சுழித்து ஓடியதால் அங்கே குளிக்க முடியவில்லை. தெருமுனை அடிபம்புக்கு வந்து நின்றார்கள். லோகநாயகி எழுந்து போனாள்.

"நீ எதுக்குக்கா வந்த?" என்றான் சின்னையன். அவள் கேட்பதற்குள் அவனே தொடங்கினான். "செயினா அது! சும்மா அள்ளிக்கிட்டுப் போச்சு. நாங்க பின்னால ஓடுனம், புடிக்க முடியல."

"வளைவுல பாக்கணும்" என்றான் இன்னொருவன். "சேத்துல சக்கரம் படவேயில்ல. பறந்துச்சி."

"வண்டி எங்கடா?" என்று மகனைக் கேட்டாள்.

எழிலன் தரையைப் பார்த்தான். "செயினு சூடேறிப்போச்சும்மா. ஆறட்டும்னு அங்கயே வுட்டுட்டு வந்தம்."

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

வண்டிக்குப் பின்னால் நடந்து போனவர்களுக்கு முழங்காலுக்கு மேல் சேறு ஏறாது. இவர்களுக்கு மார்பெல்லாம் சேறு. சின்னையனின் கால் கட்டைவிரலில் நகம் இல்லை. நான்கு பேருக்கு ஒரு தோளில் மட்டும் சேறு இல்லை. பச்சை மூங்கில் அழுத்திய இடம் சிவந்து தடித்திருந்தது.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை.

"அவரு சும்மாவா சொல்லுவாரு" என்றாள்.

அடிபம்பின் கைப்பிடியைப் பிடித்தாள். புஷ்பவள்ளி தடுக்க வந்தாள்; அவள் விடவில்லை. தண்ணீர் வந்தது. சின்னையன் முதலில் குனிந்தான். தலையிலிருந்து களி கட்டி கட்டியாகக் கரைந்து ஓடியது.

"போதும்க்கா."

"இரு, காதுக்குப் பின்னால இருக்கு" என்று மறுபடி அடித்தாள்.