ஒப்புக்கு நின்ற ஆறாவது பெயர்

சைகோனுக்கு வெளியே இருக்கும் எங்கள் தையல் ஆலையில் தொழிற்சங்கத் தலைவர் துவான் அண்ணன். ஆள் எடுக்கிற, ஆளைத் துரத்துகிற மேலாளரும் அவரேதான். வாசலில் தொழிலாளர் ஆட்சியை வாழ்த்தும் சிவப்புப் பலகை தொங்கும். உள்ளே ஒரு தையல் வரிசைக்கு ஒரே ஒரு கழிவறை அட்டை. அட்டை இல்லாமல் எழுந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். போன மாதம் கர்ப்பிணி தோம், அட்டைக்குக் காத்திருந்து உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டாள். மேற்பார்வையாளன் சிரித்தான்.

சங்கக் குழுவுக்குத் தேர்தல் வந்தது. ஐந்து இடத்துக்கு ஆறு பெயர் வேண்டும் என்பது விதி. ஐந்து பேர் துவான் அண்ணனும் அவர் ஆட்களும். தோற்பதற்கென்றே ஆறாவதாக ஒருவரை நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். வாயில்லாப் பூச்சி என்று நினைத்து என்னைப் பிடித்தார்.

"பேருக்குத்தான் லியூ. நீ ஒண்ணும் செய்ய வேணாம்," என்றார்.

தலையாட்டினேன். ஆனால் சும்மா இருக்கவில்லை. எங்கள் வாக்குச்சீட்டில் ஆறு பெயரில் வேண்டாத ஒரு பெயரைத்தான் கோடு போட்டு அடிக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மேசை மேசையாகப் போய், என் பெயரை மட்டும் அடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"ஜெயிச்சா உன்ன தூக்கிருவாங்களே அக்கா," என்றாள் தோம்.

"தூக்கட்டும். அதுக்கு முன்னாடி அந்த அட்டைய தூக்கிடறேன்."

எண்ணி முடித்தபோது அதிகச் சீட்டுகளில் அடிக்கப்பட்டிருந்தது துவான் அண்ணன் பெயர்; தோற்றது அவர். முடிவை அறிவிக்குமுன் என்னை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, விலகிக்கொள்கிறேன் என்று நானே சொல்லிவிட வேண்டுமாம். சொன்னால் மேற்பார்வையாளர் வேலை தருவாராம். மேடையில் ஏற்றி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்.

வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது. பயந்தேன், பொய் சொல்வானேன்.

"எம் பையன் நல்லாத்தான் இருக்கான். நான் விலகல. நாளையிலேர்ந்து கழிவறைக்கு அட்டை கிடையாது. குழுவுல இத கேக்கப்போறேன், யாராவது வேணாம்னு சொல்லட்டும், பாக்கலாம்."

எங்கள் கூட்டங்களில் தலைவர் தட்டிய பிறகுதான் மற்றவர்கள் கை தட்டுவார்கள். அன்று யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

மறுநாள் என் இயந்திரத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கிடங்கில் மூட்டை தூக்கப் போட்டிருந்தார்கள். போகிற வழியில் மேற்பார்வையாளன் மேசையைப் பார்த்தேன். அட்டை இல்லை. தோம் யாரையும் கேட்காமல் எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். அடுத்து சம்பளப் பிடித்தத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.