பாறை இடுக்கில் ஒரு சுள்ளிக் கற்றை

லண்டனின் குரோய்டனில் மாலை வகுப்பு முடிந்து, வீடு இருக்கும் சட்டனுக்குப் போகிற பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஜதுர்ஷிகா அந்தப் படத்தைத் திறந்தாள். மனைவி துஷ்யாவோடு போன இடத்திலிருந்து அண்ணன் சுஜீத் அனுப்பியிருந்தான். அமெரிக்கப் பாலைவனத்தில், அனுமதி வாங்கினால் மட்டுமே நுழைய முடிகிற ஆற்றுப் பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான செம்பாறை, நடுவே கணுக்கால் அளவு தண்ணீர், ஓர மணலில் நீலக் கூடாரம்.

எதையும் மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்ப்பது அவள் வழக்கம். கூடாரத்துக்கு மேலே, கையை உயர்த்தினாலும் எட்டாத உயரத்தில், பாறை இடுக்கில் ஒரு சுள்ளிக் கற்றை சிக்கிக் கிடந்தது.

வெள்ளம் கொண்டுவந்து செருகியதாக இருக்குமோ? நிலவியல் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. போன வாரம் சாதாரணக் கல்லுக்கே பிழையான பெயர் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தாள். இருந்தாலும் அழைத்தாள்.

"அண்ணா, ஆத்துக்குள்ளயோ ரென்ற் அடிச்சிருக்கிறியள்?"

"மணலிலதான் அடிச்சிருக்கு. சிக்னலுக்காக நான் மேல ஏறி நிக்கிறன். இஞ்ச மத்தியானம், துஷ்யா ரென்றுக்குள்ள நித்திரை."

"ரென்றுக்கு மேல கல்லுக்குள்ள சுள்ளி செருகியிருக்கு. வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கு."

"அது குருவிக்கூடு! நாலு வகுப்புக்குப் போயிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறாய். வானத்தில ஒரு முகில் இல்லை."

கூடாகவும் இருக்கலாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கினாள். சுள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. நடுவே ஒரு நசுங்கிய பிளாஸ்டிக் போத்தல். மழை வரைபடத்தைத் திறந்தாள். ஆறு புறப்படும் மலைப்பக்கம் முழுக்கச் சிவந்து கிடந்தது.

"மழை மலையில பெய்யுது, அண்ணா. மச்சாளை எழுப்பி மேல கூட்டிக்கொண்டு வாங்கோ."

"எழுப்பினா என்னைக் கொல்லுவாள். பின்னேரம் பாப்பம்."

ஜதுர்ஷிகாவிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. இருவரும் ஏதோ ஹோட்டலில் அலுவலக மாநாட்டுக்குப் போயிருப்பதாகத்தான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி, அம்மாவை லைனில எடுக்கிறன். மாநாடு எப்பிடியெண்டு அவவே கேக்கட்டும்."

"அடி கோள்மூட்டி! போறன், போறன். ஒண்டும் வராட்டி சட்டன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பன்."

"சிரியுங்கோ. இப்ப ஓடுங்கோ."

தொடர்பு அறுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: பாதுகாப்பாக மேலே நின்றவனைக் கீழே அனுப்பியது அவள்தான். திரும்பத் திரும்ப அழைத்தாள். போகவில்லை. இறங்க வேண்டிய தரிப்பிடம் கடந்து போனது. அவள் மணியை அழுத்தவில்லை. போத்தல் காற்றில் வந்து சிக்கியிருக்குமோ? சுள்ளி ஒரு பக்கம் சாய்ந்தால் வெள்ளம்தான் என்று ஆசிரியர் சொன்னாரா, தானாக நினைத்துக்கொண்டதா?

கடைசித் தரிப்பிடத்தில் பஸ் நின்றபோது போன் அதிர்ந்தது.

சுஜீத் மேலிருந்து எடுத்த வீடியோ. சுவருக்குச் சுவர் மண்ணிறத் தண்ணீர். முழு மரமொன்று உருண்டு போனது. மணலும் இல்லை, கூடாரமும் இல்லை. "ஐயோ, என்ர சப்பாத்து!" என்று துஷ்யா அருகில் நின்று கத்துவது கேட்டது.

கீழே சுஜீத் எழுதியிருந்தான்: "ரெண்டு பேரும் மேல. அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை."

ஜதுர்ஷிகா 'சொல்லமாட்டன்' என்று தட்டினாள். அழித்தாள்.

"நீங்களே சொல்லுங்கோ."