மூன்று மாடி இறக்கம்

"தலப் பக்கம் மேல இருக்கட்டும். மெதுவா, மெதுவா," என்றார் அமரர் வண்டிக்காரர்.

அவள் ஸ்ட்ரெச்சரில் அப்பாவின் கால் பக்கம் பிடித்திருந்தாள். லிஃப்ட் பழுதாகிப் பல மாதமாயிற்று. மறுபடியும் ஊரடங்கு, சாவுக்குக்கூட ஆள் சேரக் கூடாது. வண்டியோடு வந்தது இவர் ஒருவர்தான். மூன்று மாடி இறக்க இரண்டு பேர் போதாதே என்று பயந்திருந்தாள். போதும் போலிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது அப்பாவின் வேலை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறவர் என்று தெருவே அவரைச் 'சக்கரம்' என்றுதான் கூப்பிடும். முதல் ஊரடங்கில் அந்த வேலை நின்றது. அவளோ மருந்துக்கடையில், நாள் முழுக்க இருமுகிறவர்களுக்கு எதிரே நின்றுவிட்டு வருகிறவள். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. அவருடைய செருப்பை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"மொட்ட மாடிக்காவது போய்ட்டு வரேன்டி."

"அந்தக் கைப்பிடிய எத்தன பேர் தொட்டிருப்பாங்க? பேசாம உக்காருங்கப்பா."

உட்காரவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தார். இரண்டே நாளில் கீழ்வீட்டுத் தையல்காரர் போன் செய்தார்.

"தலைக்கு மேல மாடு மேய்க்கிறீங்களா? பிள்ளைங்க பாடம் படிக்க வேணாமா?"

அப்பா சிரித்தார். கொஞ்ச நாள் நுனிக்காலில் நடந்தார். அப்புறம் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பாதம் வீங்கியது, தொடை சூம்பியது. இடையில் கெடுபிடி தளர்ந்தபோது அவளே செருப்பை எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

"வாங்கப்பா, தெருமுன வரைக்கும்."

"அங்க எனக்கு என்ன வேல?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

இன்று காலை, பாதி பேச்சில் மூச்சு திணறிச் சாய்ந்தவர் எழவில்லை. வந்து பார்த்த டாக்டர் சோதித்துவிட்டு, "கொரோனா இல்லம்மா. காலில உறைஞ்ச ரத்தம் நெஞ்சுக்கு ஏறியிருக்கணும். ரொம்ப நாளா நடமாட்டம் இல்லையோ?" என்றார்.

அம்மா அவளைப் பார்த்தாள்.

இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் வெளியே வந்தார்.

"நகரும்மா, நான் பிடிக்கிறேன்."

"வேணாம்ண்ணே. கனமே இல்ல."

"கனத்துக்காக இல்லம்மா."

அவள் ஒரு பிடியை விட்டுக்கொடுத்தாள். இருவருமாகக் கால் பக்கத்தைத் தாங்கினார்கள். நாலு படி இறங்கியதும், "சத்தம் நின்னப்பவே மேல வந்து கேட்டிருக்கணும்," என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

திருப்பத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். தையல்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுடுகாட்டில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. அதற்குள் வேறொரு சாவு வீட்டிலிருந்து அழைப்பு வந்து வண்டி போய்விட, அம்மாவும் அவளும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை.

"நடந்தே போயிடலாம்," என்றாள் அம்மா.

"உன்னால முடியாதும்மா. நீயும்தானே வீட்டுக்குள்ளயே கெடந்த."

"முடியலன்னா உக்காந்துக்கறேன். வா."

வழியில் மூடிய கடைப் படிகளில் அம்மா இரண்டு தடவை உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தடவையும் கேட்காமலே எழுந்தாள். அவளுக்கும் கெண்டைக்கால் கடுத்தது.

பெரிய சாலையைக் கடக்க வேண்டும். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பாதி சாலைகூடத் தாண்டவில்லை, சிவப்பு விழுந்துவிட்டது. ஒரே ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.