எல்லாச் சாவிக்கும் திறந்த கதவுகள்

ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணி முதல் அந்தத் தெருவில் எந்தச் சாவியைப் போட்டாலும் எந்த வீடும் திறந்தது, நர்ஸ் வீட்டைத் தவிர.

அதற்கு முந்தைய ஞாயிறு, தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தெரு முழுவதற்கும் பூட்டு மாட்டிச் சாவி செய்து தரும் பூட்டுக்காரரின் சாவி ஒவ்வொன்றும் எல்லா வீட்டையும் திறக்குமாம், உஷார். உண்மையா என்று பார்க்க எதிர்வீட்டுப் படியேறி ஒரு திருகு திருகினால் போதும். நர்ஸைத் தவிர ஒருவரும் திருகவில்லை. முப்பது பேர் சும்மாவா அனுப்புவார்கள் என்று முப்பத்தோராவது ஆள் அனுப்பினார். நூறைத் தாண்டியதும், தான் மட்டும் அனுப்பாமல் இருப்பது கண்ணில் படுமே என்ற பயத்தில் மிச்சப் பேர் அனுப்பினார்கள். ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு என்பார்கள். முதலில் ஓடிய அந்த ஒருவனிடம் கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

புதன்கிழமை முந்நூறாவது ஆளும் அனுப்பினார். பத்தேகாலுக்குத் தையல்காரர் மாடி மாறி ஏறி, தன் சாவியால் வாத்தியார் வீட்டைத் திறந்து, அவர் துண்டோடு நின்று பல் தேய்ப்பதைப் பார்த்தார். பிறகுதான் எல்லோரும் போட்டுப் பார்த்தார்கள். நர்ஸ் வீட்டைத் தவிர எல்லாம் திறந்தன. "அப்பவே சொன்னோமே" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள். பூட்டுக்காரர் கடைப் பக்கம் ஈ காக்கை போகவில்லை.

அவர் அசரவில்லை. தெருவையே நர்ஸ் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பதினேழு சாவிகள் திருகியும் கதவு அசையவில்லை. நர்ஸ் எட்டிப் பார்த்தார். "நான் அன்னிக்கே எதிர்வீட்டுல போட்டுப் பாத்தேன். தொறக்கல. அப்புறம் எதுக்கு அனுப்பணும்?" விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. போட்டுப் பார்க்காமல் அனுப்பியவர்களின் பூட்டுத்தான் இளகியிருந்தது.

பூட்டுக்காரர் தலை நிமிர்ந்து தன் வீட்டுக்கு நடந்தார். "இதுலயும் போடுங்க" என்றார். தையல்காரர் போட்டார். திறந்தது. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பூட்டுக்காரர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். கூட்டம் கலைந்தது. பூட்டுக்காரருக்கு, கடை போனதைவிட இதுதான் வலித்தது.

"நீயுமா?"

"எல்லாரும் அனுப்பிட்டாங்க. நான் மட்டும் அனுப்பாட்டி, புருஷனைக் காப்பாத்துறா, அப்ப உண்மைதான்னு சொல்லுவாங்களேன்னு..."

"ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கலாமே."

"இருநூறு பேர்ல யாராவது பாத்திருப்பாங்கன்னு நெனச்சேங்க."

மறுநாள் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அறுபத்திரண்டு பேருக்கு அனுப்பியிருந்தார். அறுபத்திரண்டு பேர் முகத்தையும் பார்த்து, "போட்டுப் பாக்காம அனுப்பிட்டேன்" என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள், ஒருத்தி கதவை முகத்திலேயே சாத்தினாள். நான்காம் நாள் சாயங்காலம் தையல்காரரிடம் சாவியை வாங்கிவந்து, தன் வீட்டுக் கதவில் போட்டுத் திருகினார். சாவி நகரவில்லை.

"தொறக்கலீங்க" என்றார் வெளியிலிருந்து.

"நான் மாட்டுன பூட்டு. எப்படித் தொறக்கும்?" என்றபடி பூட்டுக்காரர் உள்ளேயிருந்து கதவைத் திறந்தார்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக, தாங்கள் அனுப்பியவர்கள் வீட்டுப் படியேறினார்கள். வாத்தியாருக்கு இரண்டு வருடம் ஆனது, தையல்காரருக்கு ஏழு. சிலர் ஏறவே இல்லை, அவர்கள் வீடு இன்றும் எதற்கும் திறக்கும். அந்தத் தெருவுக்குக் குடிவருகிறவர்கள் முதலில் அக்கம்பக்கத்துக் கதவுகளில் ஒரு சாவியைப் போட்டுப் பார்க்கிறார்கள். திறந்தால், அந்த வீட்டில் எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று தெரிந்துகொண்டு சாமான்களை இறக்குகிறார்கள். அதற்கென்றே எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவி ஒன்று பூட்டுக்காரர் கடையில் தொங்குகிறது. கேட்டால் தருவார், மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.