இரண்டு மணிவரை

"இன்னும் எவ்வளவு நேரம், பிள்ளை?" பெர்லின் மயானத்தில், மண் தள்ளும் இயந்திரத்தின் மேலிருந்தபடியே இன்னாசித்தம்பி கேட்டார்.

துஷானி கைபேசியைப் பார்த்தாள். "தெரியாது அண்ணை. இவரின்ர தம்பி டிரெஸ்டனில இருந்து வரவேணும். போன் எடுக்கிறாரில்லை."

"ரெண்டு மணிக்கு எங்கட வேலை முடிஞ்சிடும். பிறகு திங்கள்தான்."

குழியோரம் அவள் கணவன் யூசுப் நின்றான். இறந்துபோன அவன் அம்மா ஹலிமோ, அடக்கப் பத்திரங்களுக்காக ஐந்து நாள் சவக் குளிரறையில் கிடந்துவிட்டார். 'குழியில் இறக்கும்போது தலைப்பக்கம் நீ, கால்பக்கம் தம்பி அப்தி' என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார். சோமாலியாவின் கிஸ்மாயோவிலிருந்து ஓடியபோது ஆளுக்கொரு கையாய்ப் பிடித்து வந்த பிள்ளைகள். அப்திக்கு இன்னும் விசா இல்லை. டிரெஸ்டனை விட்டுப் பெர்லினுக்கு வர அனுமதிக் கடிதத்தை நேற்றுத்தான் வாங்கினான்.

"சோமாலியனையோ கட்டினனீங்கள்? எங்கட ஆக்களில ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" இன்னாசித்தம்பி கேட்டார்.

"கிடைச்சவை அண்ணை. எனக்கு இவரைத்தான் பிடிச்சது."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இயந்திரத்திலிருந்து இறங்கினார்.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அப்தி அழைத்தான். ஜெர்மனில், மூச்சு வாங்கப் பேசினான். போலீஸ் ரயில் பெட்டியில் அவனை மட்டும் எழுப்பிக் கீழே இறக்கியிருந்தது. கடிதத்தைக் காட்டினானாம். அம்மாவின் அடக்கம் என்றானாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்களாம். மூன்று மணி நேரம் கழித்து இப்போதுதான் விட்டார்கள். அடுத்த ரயிலில் ஏறிவிட்டான்.

"மறிச்சிட்டாங்களோ?" என்றார் இன்னாசித்தம்பி.

"ஓம்."

"அகதியா வந்த காலத்தில எங்களையும் உப்பிடித்தான் இறக்கினவங்கள்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் கூடத் தாறன். அதுக்கு மேல ஏலாது."

துஷானி யூசுப்பிடம் போய்ச் சொன்னாள். அவளிடமிருந்து கற்ற தமிழில் அவன் மெதுவாகச் சொன்னான்: "இனியும் அம்மாவைத் திருப்பிக் குளிருக்குள்ள விட ஏலாது, துஷா."

இரண்டு பத்துவரை வாசலையே பார்த்திருந்தான். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். கால்பக்கத்தை, பள்ளிவாசலிலிருந்து வந்த யாரோ ஒருவர் வாங்கினார்.

இயந்திரம் உறுமத் தொடங்கியபோது மறுபடி கைபேசி அடித்தது.

"துஷானி, இன்னும் மூடவில்லைத்தானே?" என்றான் அப்தி.

"இல்லை," என்றாள்.

கைபேசியின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, மண் விழும் சத்தம் கேட்காத தூரத்துக்கு வேகமாக நடந்தாள்.